சதாசிவன், டி. எஸ்.

டி. எஸ். சதாசிவன் (1913–2001) தாவர நோயியல் அறிஞர். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்தியவர். பயிரில் கண்ட பூஞ்சைக்குப் பெயர் சூட்டுவதே நோயியலின் பெரும்பகுதியாக இருந்த காலத்தில், அந்தப் பூஞ்சை மண்ணில் எப்படிப் பிழைக்கிறது, செடிக்குள் புகுந்து என்ன செய்கிறது என்று கேட்டவர்.

இந்தக் கேள்வியின் வேர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருக்கிறது. மண்ணில் புதைந்த கோதுமைத் தாளை எந்தெந்தப் பூஞ்சைகள் எந்த வரிசையில் சிதைக்கின்றன என்பது பற்றி அங்கே அவர் செய்த ஆய்வு 1939இல் வெளிவந்தது. அறுவடை முடிந்த பிறகும் நோய்ப்பூஞ்சை எங்கே தங்கியிருக்கிறது என்பதை அறிய அது உதவியது.

1944இல் எம். ஓ. பி. ஐயங்காருக்குப் பிறகு சென்னை ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். ஐயங்கார் பாசியியலில் உலகறிந்த பெயர். ஆய்வகமும் பாசிகளுக்கே புகழ் பெற்றிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் மண்ணையும் வேரையும் நடுவில் கொண்டுவந்து வைத்தது துணிச்சல்தான்.

முதன்மையாக எடுத்துக்கொண்டது பருத்தி வாடல் நோய். கரிசல் நிலங்களில் பியூசேரியம் பூஞ்சை வேர்வழி ஏறி, நீர்க்குழாய்களில் பரவி, செடியைச் சாய்த்துவிடும். குழாய் அடைபடுவதால் செடி வாடுகிறதா, பூஞ்சை கக்கும் நஞ்சால் வாடுகிறதா என்பது அன்றைய பெரிய வழக்கு. பியூசாரிக் அமிலம் என்ற நஞ்சை ஜப்பானில் யாபுட்டா குழுவினர் 1934இலேயே பிரித்தெடுத்திருந்தனர். சுவிட்சர்லாந்தில் கொய்மன் அதைக் கொண்டு வாடலை விளக்க முயன்றார். ஆனால் குடுவையில் வளர்த்த பூஞ்சை நஞ்சைச் சுரக்கிறது என்பதால் மட்டும், நோயுற்ற செடிக்குள்ளும் சுரக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இதைச் சென்னை ஆய்வாளர்கள் சோதித்தனர். நோய்கண்ட பருத்திச் செடியிலேயே அமிலம் இருப்பதாக லட்சுமிநாராயணனும் டி. சுப்ரமணியனும் 1955இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். வழக்கு அதோடு தீரவில்லை. வாடலுக்கு அந்த அமிலம் முக்கியக் காரணம்தானா என்று அமெரிக்காவில் கூவோ, ஷெஃபர் இருவரும் 1964இல் ஐயம் எழுப்பினர். ஆனாலும் நஞ்சைச் செடிக்குள்ளேயே தேடவேண்டும் என்ற சென்னையின் பிடிவாதம் சரியானதே.

மண்ணிலுள்ள நுண்ணூட்டங்கள், வேரைச் சூழ்ந்து வாழும் நுண்ணுயிர்கள் ஆகியவற்றையும் இதே குழு ஆராய்ந்தது. வாடல் நோயின் உடலியங்கியல் பற்றி 1961இல் அமெரிக்க ஆண்டுத் தொகுதி ஒன்றில் சதாசிவன் எழுதிய மதிப்பாய்வில் இந்த உழைப்பைத் திரட்டிப் பார்க்கலாம். 1974இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

அவருடைய மாணவர் சி. வி. சுப்ரமணியன் பூஞ்சையியலில் தனி வழி கண்டு, 1965இல் பட்நாகர் விருது பெற்றார். 1971இல் ‘ஹைபோமைசீட்ஸ்’ என்ற பெருநூலை வெளியிட்டார். மணற்பாங்கான நிலங்களில் சவுக்கு போடுபவர்கள் அறியவேண்டிய பூஞ்சை ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சவுக்குப் பட்டையில் கொப்புளம் கிளப்பி, அது வெடித்ததும் கரும்பொடியாய் வித்துகளைத் தூவி, மரத்தையே பட்டுப்போகச் செய்யும் பூஞ்சை அது. பூஞ்சையியலாளர் பட்லர் அதற்கு ட்ரைக்கோஸ்போரியம் வெசிகுலோசம் என்று பெயரிட்டிருந்தார்; பிற்கால வகைப்பாட்டில் அது சுப்ரமணியனோஸ்போரா வெசிகுலோசா ஆயிற்று.