பொழுதுபோக்கு என்னும் சொல்லின் விலை: நரசாபுரத்து லேஸ் பெண்கள்

கோதாவரிக் கழிமுகத்தில், இன்றைய ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் உள்ள நரசாபுரமும் சுற்றுக் கிராமங்களும் கொக்கி ஊசியால் பின்னப்படும் லேசுக்குப் பெயர்பெற்றவை. 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் இக்கைவேலையை அங்கு அறிமுகப்படுத்தினர். முதலில் கற்றவர்கள் மதம் மாறிய ஒடுக்கப்பட்ட சாதிகளின் ஏழைப் பெண்கள். பின்னர் இது காப்பு முதலிய வேளாண் சாதிப் பெண்களிடமும் பரவியது. கோஷா வழக்கத்தால் வயல்வேலைக்குச் செல்லாத அப்பெண்களுக்கு, வாசலைத் தாண்டாமல் ஈட்டக்கூடிய வருமானமாக லேஸ் அமைந்தது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் இப்பெண்களைக் குறித்து எழுதிய ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. ஏற்றுமதியாளர் நூலை முகவரிடம் கொடுப்பார். முகவர் அதை வீடுவீடாக வழங்குவார். பின்னிய துண்டுகளுக்கு எண்ணிக்கைப்படி கூலி தரப்படும். ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி அவற்றை இணைப்பாள். முழுப் பொருளும் எந்தச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதை இருவரும் அறிய வழியில்லை. சமையல், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றோடு நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும், அவர்கள் பெற்றது விவசாயக் கூலிப் பெண்களின் வருமானத்தைவிடக் குறைவு. ஆயினும் வயலில் இறங்காதவர்கள் என்ற சாதிப் பெருமிதம் அந்தக் குறைவை மறைத்தது.

இச்சுரண்டலைத் தாங்கி நின்றது ஒரு பெயரிடல். லேஸ் பின்னுவது இல்லத்தரசிகள் ஓய்வுநேரத்தில் செய்யும் கைவேலை என்றே வணிகர்களும் அதிகாரிகளும் கருதினர். ஓய்வுநேரத்துக்குக் கூலி நிர்ணயம் கிடையாது; இல்லத்தரசி தொழிலாளர் கணக்கில் வரமாட்டாள். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்த பெண்களில் பெரும்பாலோர் இவ்வாறு புள்ளிவிவரங்களிலிருந்து மறைந்தனர். பெண்களை ‘இல்லத்தரசிகள்’ என வரையறுத்து அவர்களின் உழைப்பை மலிவாக்கும் இப்போக்கை விளக்க மீஸ் ஒரு கருத்தாக்கத்தையே உருவாக்கினார். அதை ‘இல்லத்தரசியாக்கம்’ எனலாம்.

மொழியியல் நோக்கில் கவனிக்கத்தக்கது வேறொன்று. அங்கே வழங்கிய தெலுங்குச் சொற்கள் ஓய்வைக் குறிக்கவில்லை. பின்னுதல் ‘சேதிபனி’, அதாவது கைவேலை. துண்டுகளை இணைத்தல் ‘அதுகுபனி’. இரண்டிலும் உள்ள ‘பனி’ தமிழின் ‘பணி’யோடு உறவுடையது, பொருள் வேலை என்பதே. பின்னியவர்களின் மொழியில் அது வேலையாக இருந்தது. அதை விலைபேசியோரின் மொழியில்தான் ஓய்வாயிற்று.

பெயருக்கான இதே போராட்டம் அகமதாபாத்திலும் நிகழ்ந்தது. 1972இல் இளா பட் தொடங்கிய சேவா சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதிவுசெய்யத் தொழிலாளர் துறை முதலில் தயங்கியது. முதலாளியே இல்லாத பெண்கள் யாரை எதிர்த்துப் போராடுவார்கள் என்பது துறையின் கேள்வி. தொழிற்சங்கம் முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டுமன்று, தொழிலாளர் ஒன்றுபடுவதற்கும்தான் என்பது சேவாவின் விடை. வீடுசார் தொழிலாளர் இயக்கங்களின் தொடர்முயற்சியால் 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலை உற்பத்தியாளர்களுக்கான 177ஆம் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புறுதி அளிக்கவில்லை.

நரசாபுரத்து லேஸ் 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு ஊரின் பெயரைப் போலிகளிடமிருந்து காக்கும். பின்னுபவரின் கூலியை அது நிர்ணயிப்பதில்லை.

இன்று வீட்டிலிருந்தபடியே கைவினைப் பொருள் விற்கும் பெண்களைப் பற்றிய செய்திகள் ‘பொழுதுபோக்கு தொழிலானது’ என்று வியக்கின்றன. நூலும் வடிவமும் விலையும் தன் கையில் உள்ள பெண் தொழில்முனைவோர். இம்மூன்றும் பிறர் கையில் இருக்க விரல் மட்டும் தன்னுடையதாக உள்ளவர் கூலித் தொழிலாளி. இருவரையும் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால், முன்னவரின் திறனும் பின்னவரின் உரிமையும் ஒருங்கே மறைந்துபோகும். நரசாபுரத்தின் வரலாறு கற்பிப்பது அதையே.