கண்ணாடி வரியும் கொட்டிக்கிழங்கும் - வீட்டு மீன்தொட்டியின் கதை

நாகர்கோவிலில் ஒரு இரண்டடி மீன்தொட்டிக்குப் பேரம் பேசுகிறவருக்கு 1845-ம் ஆண்டு இங்கிலாந்தில் ரத்தான ஒரு வரியைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் வீட்டில் மீன் வளர்க்கும் பழக்கம் சாமானியர் கைக்கு வந்ததில் அந்த வரிக்குப் பெரிய பங்கு உண்டு. நூறு வருடங்களாக அங்கே கண்ணாடிக்கு எடைக்கு இவ்வளவு என்று கலால் வரி போட்டு வந்தார்கள். தடிமனான கண்ணாடி என்றால் வரியும் தடிமன்! அதை எடுத்த பிறகுதான் கண்ணாடி மலிந்தது, கண்ணாடிப் பெட்டிகளும் பெருகின.

பெட்டி வந்தால் போதுமா, மீன் உயிரோடு இருக்க வேண்டாமா? அதுவரை கிண்ணத்தில் தங்கமீன் வைத்திருந்தவர்கள் தினமும் தண்ணீர் மாற்றினார்கள், மீனும் அடிக்கடி செத்தது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் 1849-ல் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு தொட்டி, இரண்டு தங்கமீன், அடியில் மணல், அதில் நட்ட வாலிஸ்னேரியா என்ற நாடா மாதிரி நீளும் நீர்ச்செடி. செடி ஆக்சிஜன் தரும், மீனின் கழிவு செடிக்கு உரமாகும் என்பது கணக்கு. முதலில் சொதப்பியது. அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கிப் போனது. பிறகு சில குளத்து நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று "செடி வைத்த தொட்டி" என்று தனி வகையாகச் சொல்கிறார்களே, உண்மையில் அதுதான் முதல் வெற்றிகரமான மாதிரி. மோட்டார் இல்லை, ஃபில்டர் இல்லை.

1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் வீடு திறந்தார்கள். கோஸ் என்பவர் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல்லும் பரவியது. சில வருடம் வீட்டுக்கு வீடு ஒரே மோகம். சின்னத் தொட்டியில் அள்ளிப் போட்டு, நாற்றம் தாங்காமல் தூக்கிப் போட்டவர்கள்தான் அதிகம். இந்த ஒரு தவறு மட்டும் 170 வருடமாக மாறவே இல்லை.

நம் பக்கம் வந்தால், சென்னை மெரினாவில் 1909-ல் மீன் காட்சிசாலை திறந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் உருவானது அது. ஆசியாவிலேயே முதலாவது என்று சிலர் எழுதுவது சரியல்ல. டோக்கியோவின் உயெனோவில் 1882-லேயே ஒன்று வந்துவிட்டது. மெரினாவில் இருந்ததை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டுவீச்சு பயத்தில் மூடிவிட்டார்கள்.

சரி, ஃபில்டர் கதைக்கு வருவோம். தண்ணீர் தெளிவாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு. மீனின் கழிவில் அமோனியா இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மீனைக் கொன்றுவிடும். இதை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களை 1890-ல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டினார். நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா என்பது 1998-ல்தான் தெரிந்தது. இதில் வாங்குபவருக்கு என்ன விஷயம் என்றால், ஃபில்டர் என்பது அழுக்கை அரிக்கும் சல்லடை மட்டும் இல்லை, இந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வீடு. அதனால்தான் ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், இருப்பதிலேயே மலிவாக இருந்தும், சின்னத் தொட்டிக்கு விலை கூடிய பலதைவிட நன்றாக வேலை செய்கிறது. குமிழி மேலே ஏறும்போது தண்ணீரை ஸ்பாஞ்ச் வழியாக இழுக்கிறது, அவ்வளவுதான் அதன் இயந்திரம். அந்த ஸ்பாஞ்சை குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் வீட்டை இடித்த மாதிரிதான். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலச வேண்டும்.

இனி செடி. இங்கேதான் ஒரு வேடிக்கை. ஹைட்ரில்லா என்ற பாசி நம் குளங்களில் தானாக மண்டும். 1950-களின் தொடக்கத்தில் இதை இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மீன்தொட்டிச் செடியாகக் கொண்டுபோனார்கள். "இந்தியன் ஸ்டார் வைன்" என்று பெயர் வேறு! 1960-ல் அது அங்கே ஆறு, கால்வாய்களில் பரவி இருப்பதைக் கண்டார்கள். அதை ஒழிக்க அவர்கள் இன்றுவரை செலவு செய்கிறார்கள். நமக்கோ தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்த ஆகாயத்தாமரை. நாஞ்சில் நாட்டில் அது மூடிய குளத்தைப் பார்க்காதவர் யார்? ஆக, செடி ஏற்றுமதியில் இரண்டு பக்கமும் நஷ்டக் கணக்குதான்.

காசு கொடுத்து வெளிநாட்டுச் செடி வாங்கும் முன் குளத்தங்கரையை ஒருமுறை பார்க்கலாம். வாலிஸ்னேரியா நம் நீர்நிலைகளில் உண்டு. மூதுரையில் ஔவை சொல்லும் கொட்டி இருக்கிறதே, அந்தக் கொட்டிக்கிழங்கின் இனத்தைத்தான் கடைகளில் அபோனோகேட்டான் என்று கிழங்காக விற்கிறார்கள். ஆனால் சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகளில் போய்ப் பிடுங்கி வரக் கூடாது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகளின் இடம் அது. வயல் வாய்க்காலில் களையாகக் கிடப்பதே போதும். நன்றாக அலசி, சில நாள் தனி வாளியில் வைத்துப் பிறகு நட வேண்டும்.

இந்தத் துறையைச் செலவாளிகளின் துறையாக்கியதில் ஜப்பானின் தகாஷி அமானோவுக்குப் பங்கு உண்டு. 1990-களில் அவருடைய புகைப்படப் புத்தகங்கள் உலகை மயக்கின. காடு மாதிரி, மலை மாதிரி தொட்டிகள், கூடவே கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், கடும் விளக்கு. அழகு, மறுக்க முடியாது. 1999-ல் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் எழுதிய புத்தகம் நேர் எதிர். அடியில் சாதாரண மண், மேலே கொஞ்சம் மணல், நிறையச் செடி, குறைவான மீன். ஏறக்குறைய வாரிங்டனிடமே திரும்பிப் போனார் அவர்.

நம் ஊர்க் கணக்குக்கு வால்ஸ்டாட்தான் சரி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினால் ஏறக்குறைய 56 லிட்டர் பிடிக்கும். இதைவிடச் சின்னது விலை குறைவு, ஆனால் தண்ணீர் சீக்கிரம் கெடும். நாகர்கோவில் வெயிலுக்கு ஹீட்டர் தேவையே இல்லை, அந்தக் காசு மிச்சம். 3 வாட் ஏர் பம்ப் நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 2.2 யூனிட்தான். 10 வாட் எல்.இ.டி. விளக்கு தினம் 8 மணி நேரம் என்றால் 2.4 யூனிட். மோட்டார் ஓடுது, கரண்ட் பில் ஏறுது என்று வீட்டில் யாராவது சத்தம் போட்டால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

தொட்டி வைத்த உடனே மீனை நிரப்பாமல் செடியோடு சில வாரம் விட்டு, பிறகு நாலைந்து கப்பியில் ஆரம்பிக்க வேண்டும். கடைக்காரர் "டேங்க் கிளீனர்" என்று ஒரு கறுப்பு மீனைக் கூடவே தள்ளுவார், வேண்டாம். ஃபில்டருக்குப் பதில் என்று நினைத்து வாங்குகிறார்கள், ஆனால் அதுவும் கழிவு போடும் மீன்தான். ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். இப்படி விடப்பட்ட வளர்ப்பு மீன்கள் பக்கத்துக் கேரளத்தின் நீர்நிலைகளில் பெருகியதைப் பற்றி 2009-ல் கரண்ட் சயின்ஸ் இதழில் கட்டுரையே வந்தது. கண்ணாடியில் பாசி பிடித்தால் ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டினாலே போதும். நத்தையோ செடியோடு இலவசமாக வந்துவிடும்.