சாது அச்சுக்கூடத்துப் பெரியவர்

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர்ச் சாலையில் மேற்கே வந்தால் திருமழிசை. அதற்கும் அப்பால் குத்தம்பாக்கம். இந்தப் பக்கத்து மண்ணுக்கு ஒரு ராசி உண்டு. திருமழிசை ஓர் ஆழ்வாரைக் கொடுத்தது. குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழாரைக் கொடுத்தது. ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜரையே கொடுத்துவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீருக்குப் பக்தியை வளர்க்கும் குணம் இருக்குமோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதே தண்ணீரைத்தான் சென்னைப் பட்டணமும் குடிக்கிறது. அங்கே பக்தி பொங்கி வழிவதாகத் தெரியவில்லை!

இந்த வட்டாரத்துப் பெரியவர்களை வரிசையாகச் சொல்கிறவர்கள் ஒருவரை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவர் ஆழ்வாரும் அல்லர், ஆசாரியரும் அல்லர், பத்திரிகைக்காரர். பத்திரிகைக்காரனுக்கு யார் கோயில் கட்டுகிறார்கள்?

பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்ற சிற்றூரில், இப்போது தண்டலம் என்கிறார்களே, அங்கே 1883 ஆகஸ்ட் 26-ஆம் தேதி பிறந்தவர் திரு.வி.கலியாணசுந்தரனார். தகப்பனார் விருத்தாசல முதலியார், பூர்விகம் திருவாரூர். பிள்ளைப் பருவத்திலேயே ராயப்பேட்டை வந்து, வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். இடையில் நோய் வந்து சில ஆண்டு படிப்பு நின்றது. பிறகு யாழ்ப்பாணத்து நா.கதிரைவேற்பிள்ளையிடம் தமிழில் பற்றுப் பிறந்தது. அந்த ஆசிரியருடைய வழக்கொன்றில் சாட்சி சொல்லப் போனதால் கடைசிப் பரீட்சை தவறிப்போயிற்று. பட்டம் போனது, தமிழ் வந்தது. ஸ்பென்ஸர் கம்பெனியில் கணக்கெழுதினார். பிறகு பள்ளி ஆசிரியர், கல்லூரித் தமிழாசிரியர். 1917-இல் 'தேசபக்தன்' நாளிதழுக்கு ஆசிரியர். இதெல்லாம் பலரும் அறிந்த கதை.

நான் சொல்ல வந்தது அவருடைய வீட்டைப் பற்றி.

1912-இல் கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தன, இரண்டுமே தங்கவில்லை. 1918-இல் அம்மையாரும் காசநோயால் காலமானார். ஆறு ஆண்டு, அவ்வளவுதான் அவருடைய இல்லறம். அந்த 1918-ஆம் ஆண்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், இவர் துணைத் தலைவர். பகலில் பத்திரிகைக் காரியாலயம். மாலையில் ஆலைத் தொழிலாளர் கூட்டம். வீட்டுக்கு வந்தால் இருமிக்கொண்டிருக்கும் மனைவி. செப்டம்பரில் அந்த இருமலும் ஓய்ந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அந்தக் காலத்தில் மனைவியை இழந்த ஆண் அந்த வயதில் மறுமணம் செய்துகொள்வது வெகு சாதாரணம். அவர் செய்துகொள்ளவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1920-இல், 'நவசக்தி' வாரப் பத்திரிகை பிறந்தது. ராயப்பேட்டையில் சாது அச்சுக்கூடம் என்று அவருக்கு ஓர் அச்சகம். அங்கிருந்து வாரந்தோறும் நாட்டைப் பற்றியும், ஆலையைப் பற்றியும், முருகனைப் பற்றியும், இல்லறத்தைப் பற்றியும் எழுதினார். வீடு வெறிச்சோடிப் போன ஒரு மனிதர் ஊரார் வீடுகளுக்கு இல்லறத்தைப் பற்றி எழுதுகிறார் என்றால், அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வாரம் ஒரு கட்டுரை எழுதுகிறவன் படும் பாடு எனக்குத் தெரியும். கிழமை நெருங்க நெருங்கக் கற்பனை ஓடி ஒளிந்துகொள்ளும். மனம் சரியில்லை என்று அச்சுக் கோப்பவரிடம் சொல்ல முடியாது. அவருக்கு வேண்டியது பக்கம் நிறைய எழுத்து. ஆனால் அந்த நிர்ப்பந்தமே ஒருவரைக் காப்பாற்றவும் கூடும் என்பது திரு.வி.க.வைப் படிக்கும்போது தோன்றுகிறது. துக்கத்துக்கென்று ஒரு கிழமையை ஒதுக்க வாரப் பத்திரிகை விடுவதில்லை.

1927-இல் வந்த 'பெண்ணின் பெருமை' என்ற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 'வாழ்க்கைத் துணை' என்று அதற்கு இன்னொரு பெயரும் வைத்தார். துணையை இழந்து ஒன்பது ஆண்டுக்குப் பின் வைத்த பெயர் அது. பெண்ணை மாயை என்றும் பேய் என்றும் பழித்த பழைய போக்கோடு அவர் அதில் வாதாடினார். துறவைவிட இல்லறமே உயர்ந்த நெறி என்றார். இன்றைய வாசகி ஒருத்தி அதைப் படித்தால், "எல்லாம் சரிதான் ஐயா, தாய்மை தாய்மை என்றே சொல்கிறீர்களே, தாயாகாதவள் என்ன செய்வாள்?" என்று கேட்பாள். நியாயமான கேள்வி. பெண்ணைத் தெய்வமாக்கிப் பேசுவதில் ஓர் ஆபத்து உண்டு. தெய்வத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? ஆனாலும் விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று வாதாடிய ஒருவர், தாம் மட்டும் மறுமணமின்றி வாழ்ந்து காட்டினாரே, அந்த இடத்தில் என் விமரிசனம் வாயடைத்துப் போகிறது. பெண்ணுக்கு விலங்கைக் கழற்றச் சொன்னார். ஆணுக்கு நோன்பு வேண்டுமென்று தம்மையே கேட்டுக்கொண்டார்.

அவருடைய பக்தியும் இப்படித்தான், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1925-இல் வெளிவந்த நூலுக்கு 'முருகன் அல்லது அழகு' என்று பெயர். முருகு என்றால் மணம், இளமை, கடவுட்டன்மை, அழகு என்று நான்கு பொருள் சொல்லி, கடவுளைக் காண இயற்கையைப் பாருங்கள் என்றார். மலை, காடு, கடல், செக்கர் வானம் இவற்றைப் பார்க்கச் செலவு ஒன்றும் ஆவதில்லை. ஏழைக்கும் கிடைக்கிற இன்பம். துள்ளத்து வயலும் ஏரியும் இல்லாமல் ராயப்பேட்டைச் சந்து மட்டுமே இருந்திருந்தால் இந்தப் புத்தகம் பிறந்திருக்குமா என்பது சந்தேகம். சைவராகப் பிறந்தவர் திருமாலைப் பாடினார், கிறிஸ்துவைப் பாடினார். மார்க்ஸையும் காந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நூலும் எழுதினார். அவருடைய செய்யுள்களை நான் வலிந்து புகழமாட்டேன். உரைநடைதான் அவருக்குக் கைவந்தது. சிறு சிறு வாக்கியங்கள். ஆலை வாசலில் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பேசிப் பேசிப் பழகிய தமிழ் அது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் நீண்ட வாக்கியம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது!

1923-இல் அந்த 'நவசக்தி'யில் உதவி ஆசிரியராக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் கிருஷ்ணமூர்த்தி, பின்னால் 'கல்கி'. ஐந்து ஆண்டு அங்கே இருந்தார். கலியாணசுந்தரனாரின் 'கல்'லும் கிருஷ்ணமூர்த்தியின் 'கி'யும் சேர்ந்துதான் அந்தப் புனைபெயர் என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, ஓட்டமும் தெளிவும் உள்ள பத்திரிகைத் தமிழ் எந்தப் பட்டறையில் பழகியது என்பதற்கு அது அடையாளம்.

இந்த மென்மையான மனிதர் அரசாங்கத்துக்கு மட்டும் முள்ளாக இருந்தார். 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது கவர்னர் வில்லிங்டன் அவரை நாடு கடத்துவதாக மிரட்டினார். அது வெள்ளைக்காரர் காலம், போகட்டும். சுதந்திரம் வாசலில் நின்ற 1947-இல், தொழிலாளர் போராட்டத்தை முன்னிட்டுச் சொந்தக் காங்கிரஸ் மந்திரிசபையே அவரை வீட்டுக் காவலில் வைத்தது. அறுபது கடந்தவருக்கு வீடே சிறை.

குத்தம்பாக்கத்தில் சமத்துவபுரம் உண்டு. தலித் குடும்பம் ஒரு பாதியில், மற்றொரு சாதிக் குடும்பம் மறு பாதியில், நடுவே ஒரே சுவர் என்று இரட்டை வீடுகள் இங்கே கட்டினார்கள். அந்தச் சுவரைப் பார்க்கும்போது எனக்குத் திரு.வி.க.வின் நினைவு வரும். சமரச சன்மார்க்கம் என்று வாரந்தோறும் தாளில் எழுதினாரே, அது செங்கல்லாக நிற்கிறது. இங்கே குழம்பு தாளிக்கும் வாசனை சுவரைக் கேட்டுக்கொண்டா அந்தப் பக்கம் போகிறது?

கடைசிக் காலத்தில் அவருக்குக் கண்ணொளி போய்விட்டது. அப்போதும் எழுத்து நிற்கவில்லை. அவர் வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிக்கொண்டார்கள். 1950-இல் வந்த நூலுக்கு 'இருளில் ஒளி' என்று பெயர். மறு ஆண்டு வந்ததற்கு 'முதுமை உளறல்' என்று பெயர் வைத்தார். அதற்குப் பின் வந்தது 'படுக்கைப் பிதற்றல்'. 1953 செப்டம்பர் 17-ஆம் தேதி காலமானார்.