முதியவரிடம் கேட்டு வாங்கிய நூல்

1899-ஆம் ஆண்டு. எட்டயபுரம் அரண்மனையில் பட்டாபிஷேக விழா. வெங்கடேசுவர எட்டப்பர் பட்டத்துக்கு வருகிறார். விழாவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தவர்களில் ஒருவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். அரசாங்கத் தலைமைச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்தவர். உடம்பு தளர்ந்திருந்தது, கண்பார்வையும் மங்கியிருந்தது. அந்த நிலையிலும் கரிசல் காட்டுக்குள் இருக்கும் இந்த ஊருக்கு அவர் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதருக்கு வயது அறுபதாகிவிட்டது. அவர் மனத்தில் இருக்கும் சங்கீதத்தை எழுதி வாங்கி அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்று புதிய அரசரிடம் முதலியார் கேட்டுக்கொண்டார்.

அந்த வேண்டுகோளிலிருந்து பிறந்ததுதான் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில், சமஸ்தானத்தின் ஆதரவில், வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில் 1904-இல் அச்சாகி முடிந்தது. கர்நாடக இசைக்கு அப்படியொரு நூல் அதற்குமுன் இல்லை. அதற்குப்பின் வந்த பல நூல்களுக்கு அதுவே ஆதாரம்.

அந்த முதியவரிடம் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் முதலியாரின் தவிப்பு புரியும். மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூரில் பிறந்தார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் ஆஸ்தான வித்துவானாக இருந்தார். ஐரோப்பியர் கையிலிருந்த வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி அவர். தம்பியைப் பார்க்க எட்டயபுரம் வந்த அண்ணன் இங்கேயே தங்கி, 1835-இல் தீபாவளி நாளில் இங்கேயே சமாதியானார். அந்தச் சமாதி இன்றும் ஊரில் இருக்கிறது.

பாலுசுவாமி தம் மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். 1839-இல் பிறந்த அந்தப் பிள்ளைதான் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவருடைய கீர்த்தனைகளைக் கூடவே வாழ்ந்த தம்பியின் வாயிலிருந்து நேராகக் கற்றார். ராகங்களை எழுபத்திரண்டு மேளங்களாக வகுத்த வேங்கடமகியின் 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யும், அந்த மரபில் வந்த கீதங்களும் தானங்களும் ஏட்டுச்சுவடிகளாக அவரிடம் இருந்தன. 1859-இல் பாலுசுவாமி மறைந்தார். அதன்பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் இவ்வளவையும் ஒரு தனிமனிதர் தம் நெஞ்சிலும் வீட்டுப் பெட்டியிலும் வைத்துக் காத்துவந்தார்.

இப்படிப்பட்ட செல்வத்தை அக்காலத்து வித்துவான்கள் லேசில் கொடுத்துவிட மாட்டார்கள். பாடாந்தரம் என்பது குடும்பச் சொத்து. குருவுக்குப் பல வருஷம் பணிவிடை செய்த சீடனுக்கே ஒவ்வொன்றாகக் கிடைக்கும். எழுதி அச்சில் விற்பது என்பது எண்ணிப்பார்க்கவும் முடியாத காரியம். அந்தத் தயக்கத்தைக் கரைத்தவர் சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்தவர், கிறிஸ்தவர். நம் சங்கீதத்தை எழுதி வைக்காவிட்டால் அழிந்துபோகும் என்ற அச்சம் அவரை உலுக்கியது. 1892-இல் தொடங்கி, கீர்த்தனைகளை மேல்நாட்டுச் சுரக்குறிகளில் எழுதிப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அந்த முயற்சியில் அவருடைய காசும் கரைந்தது, கண்ணும் கெட்டது. தாம் தொடங்கியதைத் தம்மால் முடிக்க இயலாது என்று தெரிந்தபோது, முடிக்கக்கூடியவர் யார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அரசர் இசைந்தார். வேலை தொடங்கியது. முதலில் தீர வேண்டிய சிக்கல் பெரியது. ச ரி க ம என்று சுரங்களை வரிசையாக எழுதினால் பாட்டு வந்துவிடாது. தோடி ராகத்தின் காந்தாரம் அசையும் விதத்தில்தான் தோடி இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் அதன் அசைவைக் காட்டும் குறியை இட்டார் சுப்பராம தீட்சிதர். கம்பிதத்துக்கு ஒரு குறி, நொக்குக்கு ஒன்று, ரவைக்கு ஒன்று, கண்டிப்புக்கு ஒன்று, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள், ஒதுக்கலுக்கும் ஓரிகைக்கும் தனித்தனி அடையாளங்கள். பெரும்பாலும் இவை வீணை வாசிப்பவர் விரலின் போக்கிலிருந்து வந்த சொற்கள். தந்தியின்மேல் விரல் செய்வதைக் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியச் செய்த முயற்சி அது. அதை ஈயத்தில் எழுத்தாக வார்த்து, ஒரு ஜமீன் ஊரில் வரிவரியாகக் கோத்து அச்சடித்தார்கள்.

இரண்டு பாகங்கள், ஏறக்குறைய 1,700 பக்கங்கள். எழுபத்திரண்டு மேளங்களும் அவற்றிலிருந்து பிறந்த ஜன்ய ராகங்களும் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு ராகத்துக்கும் இலக்கணம், அதை விளக்கும் கீதம், தானம், கீர்த்தனைகள், கடைசியில் சுப்பராம தீட்சிதர் தாமே இயற்றிய சஞ்சாரி. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229. முன்னால் வாழ்ந்த இசைவாணர்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் உண்டு. தீட்சிதர் கீர்த்தனை என்று நாம் இன்று கேட்பவற்றில் பலவற்றின் வடிவத்துக்கு ஆதாரம் கேட்டால் இந்த நூலைத்தான் காட்ட வேண்டும். சுப்பராம தீட்சிதருக்கு அறுபத்தைந்து வயதில் நூல் முடிந்தது. 1906-இல் அவர் காலமானார். இரண்டே ஆண்டு இடைவெளி. முதலியார் அந்தப் பயணத்தைச் சில வருஷங்கள் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது.

நூல் அச்சாகிக்கொண்டிருந்த காலத்தில் அதே அரண்மனையில் இருபது வயதைக் கடந்த இளைஞர் ஒருவரும் வேலை பார்த்தார். காசியிலிருந்து ஊர் திரும்பியிருந்த சுப்பிரமணிய பாரதி. சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது அவர் இரங்கற்பா எழுதினார். பிற்காலத்தில் 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில், போகிற இடமெல்லாம் ஒரே பாட்டுகளைப் பொருள் உணராமல் பாடும் கச்சேரி வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். தீட்சிதர் போன்ற ஒருவரை அருகிருந்து கண்டவர் அப்படிக் கண்டித்ததில் வியப்பில்லை.

1904-இல் பம்பாயிலிருந்து ஒரு வழக்கறிஞர் தென்னாட்டுச் சங்கீதத்தை அறிய ஊர் ஊராகப் பயணம் செய்தார். விஷ்ணு நாராயண் பாத்கண்டே. அவர் எட்டயபுரத்துக்கும் வந்து சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார், 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யின் படியைப் பெற்றுச் சென்றார். வடநாட்டு ராகங்களைப் பத்துத் தாட்டுகளாக அவர் பின்னால் வகுத்தபோது இந்த மேள முறை அவருக்கு வழிகாட்டியது. 1916-இல் பரோடா அரசர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் முதல் அகில இந்திய இசை மாநாட்டைக் கூட்டியவரும் அதே பாத்கண்டேதான். அதற்கும் நான்கு ஆண்டு முன்னதாக, தென்காசிச் சீமையில் சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டத் தொடங்கியிருந்தார். பரோடாவுக்கும் போய்த் தம் சுருதி ஆராய்ச்சியை எடுத்துரைத்தார்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து இசை மாநாடு நடந்தது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. டிசம்பர் சீசன் என்று இன்று நாம் சொல்லும் பெரும் விழா அங்கிருந்து வளர்ந்தது. அகாடமி மாநாட்டில் மாலைக் கச்சேரிகள் ஒருபுறம். காலையில் வித்துவான்கள் கூடி ராக லட்சணம் பேசும் சபை இன்னொருபுறம். அந்தக் காலைச் சபையில் சுப்பராம தீட்சிதரின் நூல் நிரந்தர சாட்சி. தெலுங்கு எழுத்தில் இருந்த நூலை 1961 முதல் 1983 வரை ஐந்து பாகங்களாகத் தமிழில் கொண்டுவந்ததும் அகாடமியே. சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னையில் கற்பித்தார். அவரிடம் டி. எல். வெங்கடராம ஐயர் பாடம் கேட்டார், டி. கே. பட்டம்மாள் கற்றார். கரிசல் ஊரின் பாட்டு சபா மேடைக்கு வந்த வழி இது.

இந்த நூல் பிறந்த கதையை இன்று திரும்பச் சொல்ல ஒரு காரணம் உண்டு. முதிய கலைஞர்கள் பெரிய விழாக்களில் மேடையேறும்போதெல்லாம் ஒரு வாதம் எழுகிறது. குரல் போய்விட்டது, கௌரவமாக விலகலாமே என்று ஒரு சாரார். அனுபவம் கனிந்திருக்கிறது, அதைக் கேட்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று இன்னொரு சாரார். உலகம் முழுவதும் இதே பேச்சு. எண்பது வயது நிறைந்த மறுவாரமே பால் மெக்கார்ட்னி 2022-இல் கிளாஸ்டன்பரி விழாவின் பெரிய மேடையில் பாடினார். நம் இளையராஜா எண்பதைக் கடந்த பிறகு 2025-இல் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு வயதிலும் பாடினார்.

என் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். பாட முடிகிறவர் பாடட்டும். கேட்க விருப்பமுள்ளவர் போகட்டும். விலகு என்று சொல்லும் உரிமை ரசிகனுக்குக் கிடையாது. ஆனால் தொண்டையைப் பற்றிய இந்த வாதத்தில் நம் கவனம் முழுவதும் போய்விடுகிறது. முதியவரிடம் இருக்கிற மற்றதை நாம் மறந்துவிடுகிறோம். அவர் கற்ற பாடம், அதைக் கற்பித்தவர் சொன்ன காரணம், இப்போது யாரும் பாடாத பாட்டு, கைவிட்டுப்போன தாளம் — இவை குரல் தளர்ந்த பிறகும் அவரிடம் இருக்கும். சுப்பராம தீட்சிதரிடம் முதலியார் கச்சேரி கேட்கவில்லை. எழுதித் தரும்படி கேட்டார். அதனால்தான் இன்றைக்கும் அவர் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

எட்டயபுரம் இருக்கும் இதே மாவட்டத்தில் இதற்கு மாறான கதையும் இருக்கிறது. விளாத்திகுளம் சுவாமிகள் என்று பெயர்பெற்ற நல்லப்ப சுவாமிகள் 1965-இல் மறைந்தார். மணிக்கணக்கில் ராகம் பாடக்கூடியவர் என்று அவரைக் கேட்டவர்கள் வியந்து சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த வியப்புச் சொற்கள்தான் நமக்கு மிச்சம். கோவில்பட்டியில் வாழ்ந்த நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் 1964-இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். ஆனால் அவருடைய நாதஸ்வரம் இசைத்தட்டிலும் 'கொஞ்சும் சலங்கை' படத்திலும் இன்றும் ஒலிக்கிறது. ஒருவர் பதிவானார், மற்றவர் பெரிதும் நினைவாகிப் போனார்.

கடலோரத்திலும் இதே நிலைதான். தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. துடுப்புப் போடும்போதும் வலை இழுக்கும்போதும் பாடிய அம்பாப் பாட்டு, விசைப்படகு வந்தபின் வேலையில்லாமல் போயிற்று. அதைத் தொழிலோடு பாடியவர்களுக்கு இன்று முதுமை. கோயில் கொடையில் இரவெல்லாம் வில்லுப்பாட்டில் கதை சொன்ன அண்ணாவிகளுக்கும், மகுடம் அடித்துக் கணியான் கூத்து ஆடியவர்களுக்கும் வயதாகிவிட்டது. 'சென்னை சங்கமம்' போன்ற விழாக்கள் இந்தக் கலைஞர்களை நகரத்து மேடைக்கு அழைத்துவருவது நல்ல காரியம். ஆனால் ஒரு முழு இரவு பாட வேண்டிய கதை அங்கே சில நிமிடமாகச் சுருங்குகிறது. பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பாடியவரோடு கதையும் ஊர் திரும்பிவிடுகிறது.

எட்டயபுரத்தில் மூன்று பேர் கூடியதால் அந்த நூல் பிறந்தது. விடாமல் கேட்ட ஒருவர், செலவை ஏற்ற ஒருவர், சேர்த்துவைத்ததை மறைக்காமல் கொடுத்த ஒருவர். கட்டபொம்மன் கதையால் எட்டப்பன் என்ற பெயர் தமிழ்நாட்டில் வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் அந்த அரண்மனை இசைக்குச் செய்த உபகாரத்தையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடுக்கிற முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்கிறவரும் செலவை ஏற்கிறவரும்தான் குறைவு.

விழா நடத்தும் சபாக்களும் அரசும் இதை ஒரு கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அழைக்கும் ஒவ்வொரு மூத்த கலைஞரிடமும், மேடைக்கு முன்போ பின்போ, சில நாட்கள் அமர்ந்து தெரிந்ததை முழுதும் பதிவு செய்யுங்கள். அதற்கு உரிய சன்மானம் கொடுங்கள். பதிவைப் பூட்டிவைக்காமல் கற்க விரும்புகிறவர்களுக்குத் திறந்துவிடுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பாட்டுத் தெரிந்த பெரியவர் யார் என்று விசாரியுங்கள். உங்கள் கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்ய முடியும். அடுத்த கொடை வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.