அன்றாடச் செயலும் ஊமைப்படமும்: பினாங்கிலிருந்து ஒரு நோக்கு

பினாங்குத் தமிழரின் தொழில் வரலாற்றை ஆராயப் புகுவார்க்குப் பெரிதும் துணை நிற்பவை கப்பற் பதிவுகளும் கூலிக் கணக்குகளும் கோயில் ஆவணங்களுமே. ஆயர் ஈத்தாம் ஆற்றோரச் சலவைத் துறையில் துணியைக் கல்லில் எவ்வாறு அறைந்தனர், ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் மூட்டையை எவ்வாறு தோளுக்கு ஏற்றினர் என்பனவற்றை அவை கூறுவதில்லை. உடலசைவைப் பதிவு செய்யவல்ல கருவியோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. அக்கருவி எதனைப் பதிவு செய்தது என்பதே ஈண்டு நம் ஆய்வுப்பொருள்.

ஊமைப்படம் கதையோடு தொடங்கவில்லை. அன்றாடச் செயலோடுதான் தொடங்கியது. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் 1894இல் பிரெட் ஓட் என்னும் பணியாளர் தும்முவது சில நொடிப் படமாயிற்று. லூமியர் உடன்பிறந்தார் 1895இல் லியோன் நகரில் தம் தொழிற்சாலையினின்று தொழிலாளர் வெளியேறுவதையும், குழந்தைக்கு உணவூட்டுவதையும் படமாக்கினர். தொழிலாளர் படத்திற்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி. மற்றொன்றில் இரட்டைக் குதிரை. வேறொன்றில் வண்டியே இல்லை. ஒரே நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் நடத்தப்பெற்றுள்ளது என்பது இதனால் தெளிவு. ஆகவே இவற்றை உள்ளதை உள்ளவாறே காட்டும் படங்கள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. சோதனை முயற்சிகள் என்பதே தகும்.

இந்தியாவிலும் தொடக்கம் இத்தகையதே. 1896 ஜூலை 7இல் பம்பாய் வாட்சன் விடுதியில் லூமியர் படங்கள் காட்டப்பெற்றன. 1899இல் சாவே தாதா எனப்பெற்ற பட்வடேகர் அந்நகரில் ஒரு மற்போரைப் படமாக்கினார். 1912இல் பால்கே, பட்டாணி விதை முளைத்து வளர்வதைப் பல நாள் விட்டுவிட்டுப் பதிவு செய்து, ஓரிரு நிமிடங்களில் ஓடவிட்டுக் காட்டினார். பொருளுதவி பெறுவதற்கென எடுத்த படம் அது. எனினும் மறு ஆண்டு வந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வினும் துணிவு மிக்கது அதுவே என்பது நம் கருத்து.

தமிழகத்தில் நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் எடுத்த முதற்படமோ 'கீசக வதம்'. மக்கள் அறிந்த கதைக்கு விளக்கம் மிகுதியாக வேண்டியதில்லை. வணிக நோக்கில் அத்தேர்வைக் குறை கூற இயலாது. ஆனால் சிங்கப்பூர், மலாயாச் சீனர் 1927இலேயே 'சின் கே' என்னும் ஊமைப்படத்தில் புதிதாய் வந்திறங்கிய குடியேறியையே கதைத்தலைவனாக்கினர். தமிழ் ஊமைப்படங்கள் புராணத்தையே பெரிதும் நாடின. 'சின் கே', 'கீசக வதம்' ஆகிய இரண்டின் படச்சுருள்களும் இன்று இல்லை.

எஞ்சியவை பெரும்பாலும் அயலார் எடுத்தவை. அவற்றின் தலைப்புகளை அப்படியே நம்புதல் ஆகாது. 1899இல் ஆங்கில நிறுவனமொன்று வெளியிட்ட கங்கைப் படத்தின் பெயரில் கல்கத்தா உள்ளது. படத்தில் தெரிவனவோ காசியின் படித்துறைகள். மலாயாப் படங்களில் வெறுமனே 'கூலிகள்' எனக் குறிக்கப்பெற்றோரையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும்: தலைப்பாகைக் கட்டு, வேட்டியின் மடிப்பு, சுமை தூக்கும் முறை எனத் தனித்தனியே.