ஈயின் காலடியோசை

1878-ஆம் ஆண்டு இலண்டனில் டேவிட் ஹியூஸ் என்பார் தாம் அமைத்த கரி ஒலிவாங்கியைக் கொண்டு ஈ நடக்கும் ஓசையைக் கேட்கச் செய்தார். இரண்டே ஆண்டுகளில், பாரிசு நகரத்துக் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றக் கண்டனர். இன்றைய தொடு ஒலிவாங்கிக்கு அப்பண்பே உயிர். காற்றில் வரும் ஓசையை அது பெரிதும் பொருட்படுத்தாது. ஒட்டிய பொருளின் அதிர்வையே கேட்கும்.

அத்தகைய கருவியொன்றைப் புதுவைக் கருவடிக்குப்பத்தில், பாரதியாரின் குயில் தோப்புப் பக்கம், ஒரு மாமரத்தில் பொருத்தினேன். குயில் கூவிற்று, கருவி கேளாதது போலிருந்தது! கிளைகளின் முனகல், எறும்புகள் ஊரும் மெல்லிய சுரண்டல், சாலையிலே பேருந்து போகையில் வேர்வழி ஏறிவரும் உறுமல், இவையே கேட்டன.

பாரதியார் புதுவையில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையில் இசைத்தட்டு வழக்கிலிருந்தது. ஆயினும் அவர் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. அன்று மரமேறிய எறும்பின் ஒலியோ என்னிடம் இருக்கிறது.