அலையின் கணக்கும் நாகைக் கரையும்

கடலோர மக்களுக்கு அலை கண்ணாற் கண்டு பழகிய ஒன்று. இயற்பியலார்க்கோ அது கணக்கிட்டு அறியத்தக்க ஒன்று. இவ்விரு அறிவுக்கும் இடையே பாலம் அமையாதபோது நேர்வது என்ன என்பதற்கு நாகப்பட்டினக் கரையின் வரலாறு சான்று பகர்கிறது.

1881 டிசம்பர் 31 அன்று காலை கார் நிக்கோபார் தீவருகே பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த அலைகளை வங்கக் கடலைச் சூழ்ந்த எட்டுத் துறைமுகங்களில், கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாமே தாளில் வரையும் கருவிகள் பதிவு செய்தன. அவற்றுள் நாகப்பட்டினமும் ஒன்று. பதிவான மிக உயர்ந்த முகடு 0.8 மீட்டர் அளவினதே. 1883 ஆகஸ்டில் கிராக்கத்தோவா எரிமலை வெடித்தபோதும் இந்தியத் துறைமுகக் கருவிகள் அதன் அலைகளைக் குறித்து வைத்தன.

அப்பதிவுகளின் பொருளை உணர அலையின் அடிப்படைக் கணக்கை நாம் அறிதல் வேண்டும். அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு அலைநீளம். ஒரு முகடு கடந்தபின் மறு முகடு வந்து சேரும் வரையிலான காலம் அலைவுநேரம். அலைநீளத்தை அலைவுநேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். கடலாழத்தைவிட அலைநீளம் மிகப் பெரிதாயின், வேகத்தை ஆழமே முடிவு செய்கிறது: ஆழத்தை 9.8 ஆல் பெருக்கி வர்க்கமூலம் காண்க. லாக்ராஞ்ச் எனும் கணித மேதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்விதியை வகுத்துவிட்டார்.

சராசரி ஆழம் 3,000 மீட்டர் எனக் கொள்வோம். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 171 மீட்டர்; மணிக்கு 617 கிலோமீட்டர். கார் நிக்கோபாரிலிருந்து நாகை சுமார் 1,400 கிலோமீட்டர். எனவே அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம் ஆகும். அலைவுநேரம் அரைமணியாயின் அலைநீளம் 300 கிலோமீட்டருக்கும் மிகும். 10 மீட்டர் ஆழமுள்ள கரையோரத்திலோ வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைகிறது, அலைநீளம் 18 கிலோமீட்டராகச் சுருங்குகிறது, அலைவுநேரம் மாறுவதில்லை. சுருங்கிய அலையில் ஆற்றல் திரள்வதால் உயரம் நான்கு மடங்காகிறது.

ஓர்ட்டிஸ், பில்ஹாம் என்னும் அறிஞர் இருவர் 1881ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு அந்நிலநடுக்கத்தின் அளவையும் இடத்தையும் கணித்து 2003இல் ஆய்வு வெளியிட்டனர். மறு ஆண்டே, 2004 டிசம்பர் 26 அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்திராவருகே நிலம் நடுங்கியது. பிளவு சுமார் 1,300 கிலோமீட்டர் வடக்கே நீண்டு நிக்கோபார், அந்தமான் வரை எட்டியது. ஆதலால் 1881இன் கணக்கே ஏறத்தாழ மீண்டும் பொருந்திற்று: ஒன்பது மணியளவில் அலை நம் கரையை அடைந்தது. ஆழ்கடலில் செயற்கைக்கோள் அளந்த அதன் உயரம் 60 சென்டிமீட்டர் அளவே. கப்பலில் இருப்போரும் உணரவியலாதது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று நாகூர் தர்கா தன் வாயில்களைத் திறந்து உயிர் தப்பியோர்க்குப் புகலிடம் தந்தது. சமய வேறுபாடு பாராது இறந்தோரை அடக்கம் செய்யத் தன் நிலத்தையும் அளித்தது. மனிதநேயம் காலத்தே வந்தது, கணக்கோ வரவில்லை. விதி அறியப்பட்டிருந்தது; பழைய பதிவுகளும் இருந்தன; இரண்டரை மணி நேர அவகாசமும் இருந்தது. ஆயினும் நிலநடுக்கச் செய்தியைக் கணக்கிட்டுக் கரைக்கு அறிவிக்கும் அமைப்பு இந்தியப் பெருங்கடலில் இல்லை. பசிபிக்கிலோ அத்தகைய மையம் 1949இலேயே தோன்றிவிட்டது. நம் நாட்டில் ஐதராபாத்தில் 2007 அக்டோபரில்தான் எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கிற்று.

பெருக்கலும் வர்க்கமூலமும் அறிந்த பள்ளி மாணவர் எவரும் இக்கணக்கைச் செய்யலாம். கடலோர ஊர்களின் பள்ளிகளிலும் மதரசாக்களிலும் அது கற்பிக்கப்படுமாயின், நிலம் நடுங்கிய செய்தி கேட்டதும் தமக்கு எஞ்சியுள்ள நேரம் எவ்வளவென்று அம்மக்கள் தாமே அறிவர்.